பதினோராவது ஆள்

அந்தப் பொட்டலத்தின் மேல் உட்காராதீங்க ஐயா. நடுவில் இருக்கட்டும். தரையில் வைக்கக் கூடாது. கோடித் துணி.

ஆமாம், சாவுக்குத்தான். என் தங்கச்சி. சீனித்தாய் என்று பெயர். காலையில் சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். செவல்பட்டி விலக்கில் இறங்கணும். நான் போய்க் கோடி போட்டால்தான் எடுப்பார்கள். பிறந்த வீட்டுக் கோடி. பிறந்த வீடு என்று இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அழவில்லை என்றா? எனக்கு எழுபத்திரண்டு வயசு. வரவில்லை. வந்தால் அழ மாட்டேனா?

இரண்டு பொட்டலம்தான். மேலே இருக்கிறது சிவப்பு. அடியில் இருக்கிறது வெள்ளை. ஒரு சாவுக்கு எதற்கு இரண்டு கோடி என்று துணிக்கடைக்காரனும் கேட்டான். யுத்தகாலம், ஆளுக்கு ஒன்றுதான் என்றான். சாவுக்கு என்றேன். எத்தனை சாவு என்றான். ரெண்டு என்று வாய் சொல்லிவிட்டது. அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை, எடுத்துப் போட்டான்.

போச்சு, பஸ் நின்றுவிட்டது. நான் ஏறும்போதே நினைத்தேன். பெட்ரோல் பஸ் என்றால் இதற்குள் குளத்தூர் தாண்டியிருக்கும். இது கரி பஸ். மேடு வந்தால் நிற்கும், காற்று அடித்தால் நிற்கும். இனிக் கிளீனர் இறங்கிக் கரியைக் கிளறி, சாம்பல் தட்டி, காற்றுச் சக்கரம் சுற்றி, அரை மணியாகும். எல்லாரும் நிழலுக்கு இறங்குகிறார்கள். நீங்களும் போங்க. நான் இறங்க மாட்டேன். முழங்கால் மடங்காது.

போகவில்லையா? சரி, இருங்க. பேப்பரை மட்டும் மடித்து வையுங்க, வெயில் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. என்ன போட்டிருக்கிறான்? டார்ப்பிடோவா? எந்தக் கப்பல்? எதுவானால் என்ன.

அது என்னவென்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சுருட்டு மாதிரி இருக்கும், ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு. நல்ல பளபளப்பு. தண்ணீருக்கடியில் தானாகவே ஓடும். அதைச் சுமக்கவென்றே படகு கட்டுவான். டார்ப்பிடோப் படகு. அந்தக் காலத்தில் ருஷியாக்காரனிடம் அது நிறைய இருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் அதற்குக் கரி ஏற்றியவன் நான்.

அவனை அந்த இரும்பில் தட்டாமல் இருக்கச் சொல்லுங்க. கிளீனரைத்தான். கம்பியால் தட்டித் தட்டிச் சாம்பல் உதிர்க்கிறான். கையால் தள்ளினால் உதிராதா? உங்களுக்குக் குரல் இருக்கிறது, சொல்லுங்க. கேட்க மாட்டானா. சரி, தட்டட்டும்.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபதாம் வருஷம் என்று கொழும்பில் விளக்குப் போட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம். எனக்கு இருபத்தேழு வயசு. கரிக் கம்பெனியில் அப்போதுதான் கங்காணி ஆக்கினார்கள். பதினோரு ஆள் என் கையில். அதில் ஒருத்தன் தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை.

பெயரா? பெயர் எதற்கு இப்போது. மாப்பிள்ளை என்றால் தெரியவில்லையா?

கரி ஏற்றுகிறது என்றால் இதுதான். கப்பலுக்குப் பக்கத்தில் கரிப் படகைக் கொண்டுபோய்க் கட்டுவோம். கூடையில் கரியை ஏற்றிக் கப்பல் தளத்தில் இருக்கிற ஓட்டை வழியாகக் கொட்டுவோம். அடியில் கரி அறை. அதற்குள் ஒருத்தன் இறங்கி, விழுகிற கரியை மூலைமுடுக்கெல்லாம் தள்ளிப் பரப்பணும். பரப்பாவிட்டால் ஓட்டைக்கு நேர் கீழே குவிந்து நிற்கும், அறை நிறையாது. அறை நிறைய நிறைய உள்ளே இருக்கிறவன் மேலே மேலே வந்து, கடைசியில் ஓட்டை வழியாக வெளியே வருவான். பிறகு மேல்மட்டத்துக்கு நாலு கூடை கொட்டி மூடி போடுவார்கள். அவ்வளவுதான் தொழில்.

அதில் ஒரு வழக்கம் எங்களுக்குள் உண்டு. ஓட்டைக்குள் குனிந்து யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். இருட்டுக்குள் பெயரைப் போட்டால் இருட்டு அதைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வைத்தது. எத்தனையோ பேர் கரியில் போயிருக்கிறார்கள், பயந்து வைத்திருப்பார்கள். அதனால் தட்டுகிறதுதான். உள்ளே இருக்கிறவன் மண்வெட்டியால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டு. இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தட்டினால் வெளியே வருகிறேன். கொட்டுகிறவன் தட்டுக் கேட்டுத்தான் கொட்டணும். எல்லாக் கப்பலிலும் அப்படித்தான் செய்தோம். ஒரு குறை வந்ததில்லை.

அந்த ருஷியாப் படகு கப்பல் இல்லை. அதைச் சொல்லணும். போர்ப் படகு என்றால் மலை மாதிரி இருக்கும் என்று நினைக்காதீங்க. நம் தோணி இரண்டைச் சேர்த்து வைத்த நீளம். அகலம் ஒரு தோணிதான். வெள்ளைப் பெயிண்ட். மூக்கில் ஒரு குழாய், அதற்குள் சுருட்டு. மீதியெல்லாம் பாய்லரும் மிஷினும். ஆள் படுக்க இடம் கிடையாது. இருபது பேர் தளத்திலேயே கித்தான் கட்டிக் கிடந்தார்கள். சமுத்திரத்தில் தானாக வர அதற்குக் கரி போதாது. பெரிய கப்பல் ஒன்று கயிறு கட்டி ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. சீனாப் பக்கம் எங்கேயோ போகிறார்கள் என்றார்கள்.

அந்தப் படகுக்குப் பெயர் இல்லை. எண்தான். முன்னே பெயர் இருந்திருக்கிறது. பித்தளை எழுத்தைக் கழற்றிவிட்டு மேலே பெயிண்ட் அடித்திருந்தான். ஆணி அடித்த தடம் தெரிந்தது. எங்களுக்கும் அப்படித்தான், கம்பெனி பித்தளை வில்லை கொடுத்திருந்தது, இடுப்பில் கட்டிக்கொள்ள. அதில் எண் இருக்கும். மாப்பிள்ளையுடையது இருநூற்றுப் பதினாலு. "மச்சான், இந்தப் படகும் நம்ம கூலிப்பட்டாளந்தான் போலிருக்கே" என்று சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள்.

ஆனால் ஓட்டையைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. குடத்து வாய் அகலம்தான் இருந்தது. கரி அறையும் அறை மாதிரி இல்லை. பாய்லருக்கும் படகு ஓரத்துக்கும் நடுவில் நீளமாய் ஒரு சந்து. முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை. பாய்லரில் நெருப்பு அணைக்கவில்லை. கையை உள்ளே விட்டால் அடுப்புக்குள் விட்ட மாதிரி இருந்தது. என்னிடம் இருந்த ஆளில் மாப்பிள்ளைதான் ஒல்லி. வேறு யாருக்கும் தோள் நுழையாது.

"மச்சான், இது வேண்டாம். பாய்லர் சுடுது. நெருப்பை அணைக்கச் சொல்லு, பிறகு எறங்குறேன்."

"அணைச்சா இன்னிக்கு அவன் கெளம்ப முடியாது. எறங்குல."

"நாளைக் கழிச்சு நான் ஊருக்குப் போறேன். உன் தங்கச்சி மாசமா இருக்கா. இன்னிக்குப் போய் என்னை..."

"மாப்பிள்ளைன்னா பல்லக்கு வேணுமோ? எறங்குலங்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டையில் காலை விட்டான். இடுப்பு வரைக்கும் போனதும் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சீனிக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றான்.

"சொல்றேன். எறங்கு" என்றேன்.

வேலை நேரத்தில் ஆள் ஆயிரம் பேசுவான். எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டால் கங்காணி வேலை பார்க்க முடியுமா?

கொட்ட ஆரம்பித்தோம். நன்றாகத்தான் போயிற்று. ஒரு தட்டு, ஒரு கூடை. ஒரு தட்டு, ஒரு கூடை. பாதி நிறைந்திருக்கும். பெரிய கப்பலில் கொடி ஏற்றினார்கள். உடனே இந்தப் படகு அதிகாரி, தாடிக்காரன், கத்த ஆரம்பித்தான். என்ன மொழியோ. கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். சீக்கிரம் என்று அர்த்தம், அது எந்த மொழியிலும் ஒன்றுதான். கம்பெனித் துரையும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு அது கங்காணியாய் மூன்றாவது வாரம். இரண்டு ஓட்டையிலும் சேர்ந்து கொட்டுங்கல என்றேன். தட்டு வருகிறதா என்று நின்று கேட்க நேரமில்லை. தட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒன்றா இரண்டா என்று அந்தச் சத்தத்தில் யார் எண்ணுவது? பக்கத்தில் ருஷியாக்காரன் ஒருத்தன் சுத்தியல் வைத்துத் துரு தட்டிக்கொண்டிருந்தான். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்க, எழுதுகிறதென்றால். துரு தட்டிக்கொண்டிருந்தான். கரி ஏற்றும்போது பக்கத்தில் துரு தட்டலாமா?

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்க. போதும்.

அறை நிறைந்தது. மூன்று தட்டுக் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்லணும். நான் பின் ஓட்டைப் பக்கம் நின்றேன். அவன் முன் ஓட்டை வழியாக வந்திருப்பான் என்று நினைத்தேன். முன் ஓட்டையில் நின்ற இருளாண்டி, பின் ஓட்டை வழியாக வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறான். இரண்டு ஓட்டை உள்ள அறையை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறோம்.

எண்ணாமல் விட்டேனா? எண்ணினேன். எண்ணாமல் நான் ஒரு நாளும் படகை அவிழ்த்ததில்லை. எல்லாரும் கரிப் படகில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று இருந்தது.

அங்கேதான் வந்தது வினை.

ருஷியாக்காரனில் ஒரு ஆள், பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். வாசிலியோ என்னவோ பெயர். எங்கள் ஆட்கள் செம்பட்டை என்பார்கள், தலைமுடி அப்படி. நல்ல மனுஷன். காலையிலிருந்து எங்களோடுதான் கூடை பிடித்தான். தலையில் எங்களை மாதிரியே துண்டு கட்டிக்கொண்டான். இடுப்புக்கு மேல் சட்டை இல்லை. கரியில் நாலு மணி நேரம் நின்றால் வெள்ளைக்காரன் ஏது, நம் ஆள் ஏது. கண்ணும் பல்லும்தான் வெள்ளை. வேலை முடிந்ததும் காற்று வாங்க எங்கள் படகில் இறங்கி, வரிசையில் கடைசியாய் உட்கார்ந்து, எங்கள் ஆள் கொடுத்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். "செம்பட்டைக்கு நம்ம ஊர்ல ஒரு பொண்ணு பாத்துருவமா கங்காணி" என்று யாரோ சொன்னான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினொன்று.

ருஷியாக்காரனை நான் நம் ஆளாய் எண்ணிவிட்டேன். தப்புத்தான். ஆனால் அவன் எதற்கு எங்கள் படகில் வந்து உட்கார்ந்தான்? அவனுக்கு அவன் படகு இல்லையா?

பிறகு அவன் ஏறித் தன் படகுக்குப் போனான். மூடி திருகுகிற வேலை அவனுடையது. பின் ஓட்டையை மூடினான். முன் ஓட்டையில் மூடியைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். குனிந்தான். காதை இரும்பில் வைத்தான். என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். கீழே கையைக் காட்டினான். ஒரு விரலை நீட்டினான்.

நான் இரண்டு கையையும் விரித்துப் பத்துக் காட்டினேன். பிறகு ஒரு விரல் காட்டினேன். பதினொன்று. எல்லாரும் இருக்கிறார்கள்.

அவன் மறுபடியும் ஒரு விரல் காட்டினான். கையை மடக்கி இரும்பில் தட்டிக் காட்டினான். நான் துரு தட்டுகிறவனைச் சுட்டிக் காட்டினேன். அவன் அப்போது தட்டிக்கொண்டிருந்தானா என்று கேட்காதீங்க. சுத்தியல் அவன் கையில் இருந்தது.

தாடிக்காரன் கத்தினான். செம்பட்டை மூடியைப் போட்டுத் திருகினான். திருகி முடித்துவிட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓட்டையில் வாயை வைத்து ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீங்களா? சொன்னேனே, வழக்கம் இல்லை என்று. நான் வழக்கத்தை மீறவில்லை.

படகை அவிழ்த்தோம். ருஷியாப் படகும் அவிழ்த்துக்கொண்டு துறைமுக வாசலைப் பார்த்துப் போனது. மெதுவாகத்தான் போனது. எங்கள் ஆட்கள் குனிந்து கடல் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார்கள். கழுவக் கழுவ ஒவ்வொருத்தனாய்த் தெரிந்தான். இருளாண்டி தெரிந்தான், மாடசாமி தெரிந்தான். பத்துப் பேர் தெரிந்தார்கள்.

"கங்காணி, மாப்பிள்ளை எங்க?" என்றான் இருளாண்டி.

நான் எழுந்து நின்றேன்.

ருஷியாப் படகு இன்னும் வாசலைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே துறைமுகப் போலீஸ் படகு நின்றது. நாலு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். துண்டை அவிழ்த்து ஆட்டியிருந்தாலும் போதும்.

பிறகு உட்கார்ந்தேன்.

என்ன ஏன்? நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? போர்ப் படகை ஒரு கரிக் கங்காணி நிறுத்துகிறான். திறந்து பார்த்து உள்ளே ஆள் இல்லையென்றால்? கங்காணி ஆகி மூன்று வாரம். இருந்தால் அதைவிட மோசம். அது மட்டும் இல்லை. எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. கை கால் எல்லாம் என்னுடையதாய் இல்லை. வாயும் என்னுடையதாய் இல்லை. ஆனால் வாய் பேசியது.

"அவன் ருஷியாக்காரனோட போயிட்டான்" என்றேன். "காலையிலேயே சொன்னான்லா, நம்ம கூலிப்பட்டாளம்னு. ஏறிட்டான்."

இருளாண்டி மட்டும் என்னைப் பார்த்தான். முகத்தில் பாதி கழுவி, பாதி கரி. அந்த மாசத்தோடு அவன் என் கும்பலை விட்டுப் போய்விட்டான். நன்றிகெட்ட பயல்.

பஸ் கிளம்புகிறது. எல்லாரும் ஏறுகிறார்கள். நீங்கள் தள்ளி உட்காருங்க, பொட்டலம் நசுங்குகிறது.

எங்கே விட்டேன். ஆமாம், தங்கச்சி. நாலு மாசம் கழித்து ஊருக்குப் போனேன். பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. பால்வண்ணம் என்று பெயர் வைத்திருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தவள் என் பின்னால் பார்த்தாள், யாரும் வருகிறார்களா என்று. நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். ருஷியாப் படகில் ஏறிப் போய்விட்டான் என்று.

அழவில்லை. "அங்க ரொம்பக் குளிருமாமே அண்ணே. அவருக்குச் சளி பிடிக்குமே" என்றாள்.

"கம்பளி கொடுப்பான்" என்றேன்.

இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. செத்தான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தாலியை அறுத்து, வெள்ளையைச் சுற்றி, மூலையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். இருபது வயசு. நான் சொன்ன ஒரு சொல்லால் நாற்பத்தைந்து வருஷம் தாலி கழுத்தில் இருந்தது. தினமும் பொட்டு வைத்தாள். அதற்கு நான்தான் காரணம். வாழாவெட்டி என்று நாலு பேர் சொன்னார்கள்தான். மாமியார்க்காரி சோறு போடாமல் விரட்டினாள்தான். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொடவிட மாட்டார்கள்தான். காட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள். பொங்கலுக்குப் பொங்கல் நான் சீர் அனுப்பினேன். ஒரு வருஷம் தவறியதில்லை. அண்ணன் குறை வைத்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

கொழும்பிலிருந்து யார் வந்தாலும் போய்க் கேட்பாள். ருஷியா எந்தப் பக்கம் என்பாள். அவனவன் ஒரு திசையைக் காட்டுவான். பையன் பள்ளிக்கூடத்தில் படத்தில் பார்த்து வந்து வடக்கே என்று சொன்ன பிறகு, வடக்கே காலை நீட்டிப் படுக்கிறதை விட்டாளாம். பையன்தான் சொன்னான். பைத்தியக்காரத்தனம்.

ஒரு நாள், அந்த முதல் யுத்தம் முடிகிற சமயம், நான் கொழும்பை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன், நடந்தே வந்தாள் என்னைத் தேடி. அத்தனை மைல். "அண்ணே, ருஷியா ராசாவையே கொன்னுட்டாங்களாமே. படகுக்காரங்கள விட்டுவெச்சிருப்பாங்களா?" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நீங்கள் நினைக்கிறது எனக்குத் தெரிகிறது. கொன்றிருப்பார்கள் தாயே, பொட்டை அழித்துவிடு என்று ஒரு வார்த்தை. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வசதியாய் இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"படகுக்காரனை ஒண்ணும் செய்ய மாட்டான்" என்றேன்.

"சரி அண்ணே" என்றாள். சாப்பிடச் சொன்னேன். சாப்பிடவில்லை. திரும்பி நடந்தே போனாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி என் முழங்காலை விசாரிப்பாள். அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும், உண்மையிலேயே ருஷியாவுக்குப் போயிருக்கலாமே என்கிறீங்களா? நல்ல கேள்வி. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கேயாவது மூடி திறந்து இழுத்துப் போட்டிருப்பார்கள், கம்பளி கொடுத்திருப்பார்கள் என்று.

அடுத்த வருஷம் அந்தப் பெரிய கப்பல் திரும்பி வந்தது. படகு இல்லை, கப்பல் மட்டும். கரி ஏற்றப் போனோம். மேலே செம்பட்டை நின்றான். இந்தத் தடவை கரி இல்லை முகத்தில். நல்ல வெள்ளை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்தது. இறங்கி வந்தான். ஒரு துணி முடிச்சைக் கையில் வைத்தான். அவிழ்த்தேன். பித்தளை வில்லை. இருநூற்றுப் பதினாலு.

இதோ. பாருங்க. ஓரத்தில் சப்பளிந்திருக்கிறது பாருங்க. மண்வெட்டி கை நழுவிக் கரிக்குள் போயிருக்கும். இதை வைத்துத் தட்டியிருக்கிறான்.

போதும், கொடுங்க.

கரி அள்ள அள்ள ஒரு நாள் பாதம் தெரிந்திருக்கும் செம்பட்டைக்கு. அவன்தானே அள்ளுகிறவன். கையால் கடலைக் காட்டினான். நெற்றியிலும் தோளிலும் அவர்கள் தொட்டுக்கொள்கிறார்களே, அப்படித் தொட்டுக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, கையை மடக்கி, கப்பல் இரும்பில் மூன்று தடவை தட்டினான். கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று. மறுபடி மூன்று. நான் போ என்கிற வரைக்கும் தட்டினான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ருஷியாக்காரன் பழக்கம் ஏதாவது இருக்கும்.

காலையில் சைக்கிளில் வந்தவன் இன்னும் ஒன்று சொன்னான். எந்தக் கோடி கொண்டுவர என்று கேட்டேன். ஊரே அதைத்தான் கேட்கிறதாம். பொட்டோடு சிவப்பில் எடுப்பதா, அழித்து வெள்ளையில் எடுப்பதா என்று. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பெண்கள் குளிப்பாட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். பால்வண்ணம் முந்தாநாளே அவளிடம் கேட்டிருக்கிறான். எழுபதை எட்டப்போகிற கிழவி, மூச்சு இழுக்கிறது. "உங்க மாமாவுக்குத் தெரியும்" என்றாளாம். "மாமா கொண்டு வர்ற கோடிய போடு" என்றாளாம். அதுதான் கடைசிப் பேச்சு.

மாமாவுக்குத் தெரியுமாம். என்ன தெரியும் எனக்கு? எத்தனை வருஷமாய்த் தெரியும் என்று அவள் நினைத்தாள்? அதை என்னிடம் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்தப் புளியமரம் தெரிகிறதே, அதுதான் விலக்கு. தட்டுங்க ஐயா, டிரைவருக்குக் கேட்கிற மாதிரி. தகரத்தில் தட்டுங்க. நான் தட்ட மாட்டேன், நீங்கள் தட்டுங்க. பலமாய். இரண்டு தட்டு. போதும், நிறுத்திவிட்டான்.

குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்க. அவன்தான் பால்வண்ணம். அதே ஒல்லி. அதே தோள்.

கேட்டீங்களே, மாப்பிள்ளை பெயர். கொம்பையா. கொம்பையா என்று பெயர்.

பொட்டலத்தை எடுங்க. மேலே இருக்கிறது வேண்டாம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்க, வீட்டில் பெண்கள் இருப்பார்கள். அடியில் இருக்கிறதை எடுத்துக் கொடுங்க. காலை மடக்குங்க ஐயா, இறங்கணும்.